மாஃபியா குடும்பத்துக்குள் ரெண்டு பெண்களின் காதல்: கதையை எந்த ஊரில் வைப்பது?

நெல்லிமரம்:
தொடர்கதை ஒன்றின் முன்வரைவு. இத்தாலி, கலாப்ரியா, ரொசார்னோ பக்கம். அந்தப் பகுதியின் மாஃபியாவான என்ட்ராங்கெட்டாவின் குடும்பம் ஒன்றின் தலைவர் சிறையில். அவர் தம்பிக்கும் மூத்த மகனுக்கும் தலைமைப் போட்டி. தலைவரின் மகளுக்கும் எதிர்க்குடும்பத்து இளம் விதவைக்கும் காதல். விதவைக்கு ஏழு வயதில் ஒரு பையன். விஷயம் தெரிந்ததும் மானம் போச்சுன்னு அண்ணன் துப்பாக்கியைத் தூக்குறான். பெண்கள் ரெண்டு பேரும் பையனோட மிலானுக்கு ஓடிடறாங்க. எது ஒட்டலைன்னு சொல்லுங்க.

பனையோலை:
ஊரே ஒட்டலை. நேப்பிள்ஸுக்குக் கொண்டுபோங்க. கலாப்ரியாவில் பெண்ணுக்கு உறுப்பினர் சத்தியமே கிடையாது. மிஞ்சிப்போனா 'மௌனத்தின் சகோதரி'ன்னு ஒரு பட்டம். நேப்பிள்ஸின் மாஃபியாவான கமோராவில் நிலைமை வேற. கமோராத் தலைவர் ரஃபாயேலே குட்டோலோ சிறையில் இருந்தப்ப வெளியே அவர் அமைப்பைக் கட்டிக் காத்தது அக்கா ரோசெட்டா. மரியா லிச்சார்டி, சகோதரர்கள் உள்ளே போனதும் செகொண்டிலியானோ கூட்டணிங்கிற கமோரா கும்பல்களின் கூட்டமைப்பின் உச்சிக்கு வந்தாங்க. 2001-ல் கைது, 2009-ல் விடுதலை, 2021 ஆகஸ்டில் ஸ்பெயினுக்கு விமானம் ஏறப்போன நேரத்தில் ரோமின் சாம்பினோ விமான நிலையத்தில் மறுபடி கைது. இப்படிப்பட்ட ஊரில் வெச்சா ரெண்டு பெண்களும் எதிரெதிர் அணியில் நின்னு முடிவெடுக்கிறவங்களா இருப்பாங்க. தான் நேசிக்கிறவளோட ஆட்களைச் சுடச் சொல்லவேண்டிய இடத்தில் ஒருத்தி நிற்பா. உங்க வரைவில் ரெண்டு பேருமே அடுத்தவன் முடிவுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க.

கரிசல்காட்டான்:
ஊரை மாற்றாதீர்கள், காரணத்தை மாற்றுங்கள். நேப்பிள்ஸில் கும்பல்கள் உடையும், சேரும், காசுக்கு ஆள் மாறும். 2004-ல் நேப்பிள்ஸின் ஸ்காம்பியா பகுதியில் டி லாவ்ரோ கும்பலுக்கு எதிராகக் கிளம்பியது அவர்களிடமிருந்து பிரிந்த ஆட்களேதான். கலாப்ரியாவில் 'என்ட்ரினா' என்பதே ஒரு ரத்த உறவுக் குடும்பம். அதற்கு மேலே இருக்கும் 'லொகாலே' என்ற கிளைக்குக் குறைந்தது 49 பேர் வேண்டும் என்பது அவர்கள் விதி. குடும்பங்களைச் சேர்த்துக் கட்டுவதும் பழைய பகையை முடிப்பதும் கல்யாணம்தான்.

நெல்லிமரம், உங்கள் கணக்கை இப்படிப் போடுங்கள். சித்தப்பா பக்கம் இரண்டு குடும்பம், அண்ணன் பக்கம் இரண்டு குடும்பம். ஐந்தாவது குடும்பம் தங்கள் பையனுக்கு இந்தப் பெண்ணைக் கேட்கிறது. யார் அவளைச் சம்மதிக்க வைக்கிறாரோ அவருக்குத் தலைமை. அவள் 'மாட்டேன்' என்கிறாள். காதல் யாருக்கும் தெரியவே வேண்டாம். அந்த ஒரு சொல்லுக்கே இரண்டு பக்கமும் அவள்மீது பாயும். முதல் பாதி முழுக்க இதில் ஓடும். மானம் என்று தொடங்கினால் மூன்றாவது அத்தியாயத்திலேயே துப்பாக்கி வெடித்து, நாலாவதுக்கு ஒன்றும் மிஞ்சாது.

மிலானையும் எடுத்துவிடுங்கள். கலாப்ரியா மாஃபியாக் குடும்பத்துப் பெண் லெயா கரோஃபாலோ, குடும்பத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டு, 2009 நவம்பரில் முன்னாள் துணைவரின் ஆட்களால் கொல்லப்பட்டது அதே மிலானில். 2010 ஜூலையில் ஒரே நாளில் சுமார் 300 பேரைக் கைது செய்தார்களே, அதில் ஏறக்குறைய பாதிப் பேர் மிலான் இருக்கும் லொம்பார்டி மாநிலத்தில் பிடிபட்டவர்கள். மிலானுக்கு ஓடுவது சித்தப்பாவின் இன்னொரு வீட்டுக்குப் போவதுதான்.

பனையோலை:
மிலான் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனா மானத்தை இவ்வளவு லேசாத் தள்ளாதீங்க. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் டெகாவல்கான்டே குடும்பத்தில் தற்காலிகத் தலைவரா இருந்தவர் ஜான் டமாட்டோ. ஆண்களோடும் உறவு வெச்சிருந்தார்னு தெரிஞ்சதும் 1992-ல் சொந்த ஆட்களே கொன்னாங்க. சுட்டவங்களில் ஒருத்தரே 2003-ல் நீதிமன்றத்தில் இதைச் சொன்னார். கல்யாணக் கணக்கு எதுவும் அங்கே இல்லை.

கரிசல்காட்டான்:
அங்கேயும் பயம் எதைப் பற்றியது? மற்ற குடும்பங்கள் பேச்சுவார்த்தை மேசையில் தங்களை மதிக்காமல் போய்விடும் என்பது பற்றி. செத்தவர் தலைவர் என்பதால்தான் அந்தப் பயம். உங்கள் கதாநாயகி உறுப்பினரே இல்லை. அவள் யாரை நேசிக்கிறாள் என்பதைவிட, யாருக்கு மனைவியாகப் போகமாட்டாள் என்பதுதான் அவர்களைச் சுடும்.

குறுக்குவிசாரணை:
ரெண்டு பேருமே சிறையை விட்டுட்டீங்க. பெண்ணுக்கு அதிகாரம் இல்லைங்கிற பனையோலையோட குறைக்கு விடை அங்கதான் இருக்கு.

அப்பாவை முதல்ல சாதாரண உயர்பாதுகாப்புச் சிறையில் வைங்க. பார்க்கப் போறது மகள். அவர் சொல்றதை வெளியே கொண்டு வர்றதும் அவள்தான். ரொசார்னோவின் மாஃபியாக் குடும்பத்துப் பெண் ஜுசெப்பீனா பெஷே மேல இருந்த குற்றச்சாட்டுகளில் இந்தத் தூது வேலையும் உண்டு. சித்தப்பாவுக்குன்னு அப்பா சொன்னதை அவள் ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாப் போதும், சண்டையோட திசையே திரும்பும். சத்தியம் செஞ்ச எவனுக்கும் அந்த வசதி இல்லை.

நடுக்கதையில் நீதி அமைச்சர் ஆணை போட்டு அப்பாவை 41 பிஸ்ங்கிற, மாஃபியாக் கைதிகளை வெளியுலகத் தொடர்பிலிருந்து துண்டிக்கிற சிறை விதிக்குக் கீழே மாத்தட்டும். முதல் ஆணை 4 வருஷம், பிறகு ரெண்டு ரெண்டு வருஷமா நீட்டிப்பு. மாசத்துக்கு ஒரே சந்திப்பு, அதிகபட்சம் ஒரு மணி நேரம், நடுவில் கனமான கண்ணாடி, பேச்செல்லாம் பதிவாகும். 12 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் மட்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகலாம். அன்னிக்கே மகளோட தூது வேலை முடிஞ்சுது. அவளால ஆகவேண்டியது இனி எதுவும் இல்லைன்னு வீட்டில் தெரியும். ஐந்தாவது குடும்பத்துக் கல்யாணப் பேச்சை அதே வாரத்தில் வைங்க.

தப்பிக்கிற வழி அரசு வழக்கறிஞர்தான். 1991-ம் வருஷத்து 82-ம் எண் சட்டப்படி பாதுகாப்பு கிடைக்கும். அவள் தூது போனவள், குற்றத்தில் பங்கு உண்டு. அதனால 180 நாளுக்குள் தெரிஞ்சதை எல்லாம் சொல்லியாகணும். விதவை எந்தக் குற்றமும் செய்யாதவளா இருந்தா வெறும் சாட்சி, அந்தக் கெடு அவளுக்கு இல்லை. விதவைக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைன்னா? மகளோட கூடவே வாழ்றவங்களுக்குப் பாதுகாப்பு நீளும். இவங்க ஒரே வீட்டில் வாழலை. அப்போ மகளோட இருக்கிற உறவாலேயே இவளுக்குக் கடுமையான, உடனடியான ஆபத்து இருக்குன்னு காட்டணும். அதாவது, ரகசியமா வெச்சிருந்ததை ஓர் அறையில் உட்கார்ந்து, வழக்கறிஞர் முன்னாடி வாய்விட்டுச் சொல்லி, எழுதினதைப் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். எனக்கு உங்க கதையோட உச்சம் அந்தக் கையெழுத்துதான்.

நெல்லிமரம்:
இதை எடுத்துக்கறேன். கதை நடக்கிற வருஷம் முக்கியமா?

குறுக்குவிசாரணை:
ரொம்ப. ஒரே பாலினத் துணைவர்களுக்கான குடிமை இணைவுச் சட்டம் 2016 மே மாசம்தான் வந்தது. அதுக்கு முன்னாடின்னா பதிவு செஞ்சு காட்ட ஒரு காகிதமும் இல்லை. 2011 வாக்கில் வைங்க, இறுக்கம் கூடும்.

பனையோலை:
தூது விஷயம் என் வாதத்தைப் பாதி கரைச்சிடுச்சு, சரி. ஆனா மகள் கைக்குத்தான் அதிகாரம் வந்திருக்கு. விதவை இன்னும் சும்மா நிற்கிறா. நேப்பிள்ஸ்னா அவள் புருஷனோட இடத்தையே எடுத்திருப்பா. கலாப்ரியாவில் கறுப்பு உடுத்தி மாமியார் கண்காணிப்பில் இருக்கிறவ என்ன செய்வா?

கரிசல்காட்டான்:
அவளிடம் பையன் இருக்கிறான். கொல்லப்பட்டவரின் மகன் வளர்ந்து பழிதீர்ப்பான் என்று அந்த வீடே அவனை வளர்க்கிறது. சான் லூகாவில் 1991-ல் திருவிழாவில் முட்டை வீசியதில் தொடங்கிய பகை, 2007 ஆகஸ்ட் 15 அன்று ஜெர்மனியின் டூயிஸ்பர்கில் ஆறு பேரைச் சாய்க்கும்வரை போனது. அந்தப் பையனை அவள் கூட்டிப்போனால் ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறைத் துப்பாக்கியையே எடுத்துப்போகிறாள். மகள் ஓடினால்கூட விடுவார்கள், இவளை விடமாட்டார்கள்.

பையனை விட்டுவிட்டுப் போவதாக மட்டும் எழுதாதீர்கள். ரொசார்னோவின் மாஃபியாக் குடும்பத்துப் பெண் மரியா கொன்செட்டா கச்சோலா 2011-ல் பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டுத்தான் பாதுகாப்புக்குள் போனார். பிள்ளைகளைக் காட்டியே வீட்டார் தொலைபேசியில் இழுத்தார்கள். திரும்பி வந்தார். அந்த ஆகஸ்டிலேயே ஹைட்ரோகுளோரிக் அமிலம் குடித்த நிலையில் இறந்தார்.

பனையோலை:
அப்போ பையனை எப்படி வெளியே எடுக்கிறது? தாத்தா பாட்டி வீட்டில் எந்நேரமும் ஆள் இருக்கும்.

குறுக்குவிசாரணை:
கதையை ஒரு வருஷம் தள்ளி வைங்க. ரெஜ்ஜோ கலாப்ரியா சிறார் நீதிமன்றம் 2012-லிருந்து இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து பிள்ளைகளை வெளியூருக்கு மாத்துற ஆணைகளைப் போட ஆரம்பிச்சது. தாயே போய்க் கேட்ட வழக்குகளும் உண்டு. வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராம விதவை அந்த மனுவைக் கொடுக்கணும். கையெழுத்துப் போடுற ரெண்டாவது பெண் அவள்.