64 ஜிபி பென்டிரைவ்ல பாதி காலியா இருக்கு, ஆனா 11 ஜிபி வீடியோ ஏற மாட்டேங்குது, ஏன்?

திண்டுக்கல் தம்பி:
வணக்கம் மக்களே. போன மாசம் அக்கா கல்யாணம் முடிஞ்சுது, வீடியோக்காரர் எடிட் பண்ணி முடிச்சு நேரா என் லேப்டாப்லயே ஏத்தி விட்டுட்டுப் போயிட்டார். முகூர்த்தம் மட்டும் ஒரே ஃபைலா 11 ஜிபி. அதை அக்கா மாமியார் வீட்டுக்குக் குடுக்கணும், அவங்க டிவில போட்டு சொந்தக்காரங்களோட பாக்கணுமாம். என்கிட்ட ஒரு 64 ஜிபி பென்டிரைவ் இருக்கு, அதுல 30 ஜிபிக்கு மேல காலி, ஆனா காப்பி போட்டா "ஃபைல் டூ லார்ஜ்"னு சொல்லி நின்னுடுது. இடம் இருக்கறப்ப எப்படிங்க பெருசாகும்? பென்டிரைவ் போயிடுச்சா? ஆன்லைன்ல 2 டிபி பென்டிரைவ் 599 ரூபான்னு போட்டிருக்கான், அதையே ஒண்ணு வாங்கிடலாமான்னு இருக்கு, கல்யாண ஃபோட்டோ எல்லாம் சேத்து அதுலயே வச்சுட்டா லேப்டாப்பும் காலியாகும். வாங்கலாமா?

லினக்ஸ் பைத்தியம்:
பென்டிரைவ் நல்லாத்தான் இருக்கு ப்ரோ, அது ஃபேட்32ங்கற ஃபைல் சிஸ்டத்துல (ட்ரைவ்ல ஃபைலை அடுக்கி வைக்கற முறை) ஃபார்மட் ஆகியிருக்கு, அதான் விஷயம். மை கம்ப்யூட்டர்ல அது மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க, ஃபைல் சிஸ்டம்னு ஒரு வரி இருக்கும். ஃபேட்32 விண்டோஸ் 95 காலத்து சரக்கு, 1996ல வந்தது, அதுல ஒரு ஃபைலோட சைஸை எழுத 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்கான், அதனால ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, ட்ரைவ்ல 500 ஜிபி காலியா இருந்தாலும் இதே கதைதான். எக்ஸ்ஃபேட்னு இன்னொரு ஃபைல் சிஸ்டம் இருக்கு, ஃபார்மட் அடிச்சு அதுக்கு மாத்திட்டா 11 ஜிபி என்ன, அதுக்கு மேலயும் ஏறும். ஃபார்மட் அடிச்சா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும், அதனால மொதல்ல இருக்கறதை லேப்டாப்புக்கு எடுத்து வச்சுக்கோங்க (சொல்லலன்னு நாளைக்கு என்னைத் திட்டக் கூடாது).

ஒரே ஒரு சந்தேகம், அவங்க டிவி எத்தனை வருஷம் பழசு? பழைய டிவி, கார் ஸ்டீரியோ எல்லாம் எக்ஸ்ஃபேட்டைப் பாத்தா முழிக்கும். நிறைய டிவி என்டிஎஃப்எஸ் (விண்டோஸோட இன்னொரு ஃபைல் சிஸ்டம்) படிக்கும், எதுக்கும் அதையும் ட்ரை பண்ணுங்க.

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி:
தம்பி அந்த 599 ரூபா சாமானைத் தொட்டுராதீங்க. நமக்குக் கடை வச்சு பதினாலு வருஷம் ஆச்சு, இதைக் கொண்டாந்து அழுதவங்க எத்தனை பேர்னு கணக்கே இல்ல. போன வருஷம் ஒரு டீச்சரம்மா வந்தாங்க, பேரன் பொறந்ததுல இருந்து எடுத்த ஃபோட்டோ வீடியோ எல்லாத்தையும் ஒரு 2 டிபி பென்டிரைவ்ல போட்டுட்டு போன்ல டெலீட் பண்ணிட்டாங்க. ஃபைல் பேர் எல்லாம் வரிசையா இருக்கு, சைஸும் சரியா காட்டுது, தொறந்தா ஒண்ணும் வரல. மொதல்ல போட்ட கொஞ்சம் ஃபோட்டோ மட்டும் தொறந்துச்சு. அவங்க கேட்டுக்கிட்டதால மூடியைப் பிரிச்சுப் பாத்தேன், உள்ள ஒரு சின்ன போர்டு, அதுல போன்ல போடுவோமே அந்த மெமரி கார்டு ஒண்ணு பசை போட்டு ஒட்டியிருக்கு, 32 ஜிபி! கம்ப்யூட்டர் கேட்டா "நான் 2 டிபி"ன்னு பொய் சொல்ற மாதிரி உள்ள இருக்கற சிப்பை மாத்தி வச்சிருக்கான். 32 ஜிபி வரைக்கும் ஒழுங்கா எழுதும், அதுக்கு மேல வர்றது காத்துல போகும், இல்ல பழசு மேலயே எழுதும். காப்பி ஆகறப்ப ஒரு எரரும் வராது பாத்துக்கோங்க, அதான் இதுல கொடுமை.

புதுசா எந்த பென்டிரைவ் வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூன்னு (H2testw) ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீதான், இன்ஸ்டால் கூடப் பண்ண வேண்டாம், தொறந்ததும் ஜெர்மன்ல இருக்கும், இங்கிலீஷுக்கு மாத்திக்கலாம். காலி ட்ரைவ்ல ஓட விட்டா முழுசா எழுதி, எழுதினதைத் திரும்பப் படிச்சுப் பாக்கும். 64 ஜிபிக்கு ஸ்லோ ட்ரைவ்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூட ஆகும், ஓட விட்டுட்டு வேற வேலை பாருங்க. அப்புறம் 64 ஜிபி ஒரிஜினல்லயே 58, 59ன்னுதான் காட்டும், அதைப் பாத்து டூப்ளிகேட்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிராதீங்க. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான், விண்டோஸ் 1024 1024ஆ எண்ணும், அந்த வித்தியாசம்தான்.

கோவை குமார்:
அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு. நான் ஸ்பீடு பத்தி ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா நானும் ஏமாந்தவன். டப்பால "யூஎஸ்பி 3.2 ஜென் 1"னு போட்டிருந்தா புதுசுன்னு நெனச்சு எக்ஸ்ட்ரா காசு குடுத்துறாதீங்க, அது பழைய யூஎஸ்பி 3.0 தான், பேரை மட்டும் ரெண்டு தடவை மாத்திட்டாங்க. அப்புறம் "150 எம்பி வரை"ன்னு கொட்டை எழுத்துல இருக்கும், அது படிக்கற ஸ்பீடு, எழுதற ஸ்பீடு எங்கயுமே போட்டிருக்காது. என்னோடது மொதல் ரெண்டு ஜிபி சும்மா பறக்கும், அப்புறம் செகண்டுக்கு 8 எம்பில வந்து உக்காந்துக்கும், உங்க 11 ஜிபிக்கு கிட்டத்தட்ட இருபது நிமிஷம் ஆகும். தொட்டுப் பாத்தா சுடும், அது நார்மல்தான். லேப்டாப்ல உள்ள நீலக் கலர் போர்ட்ல சொருகுங்க, கருப்புல சொருகினா பெரும்பாலும் 2.0, நல்ல ட்ரைவா இருந்தாலும் 30, 35 எம்பியைத் தாண்டாது.

திண்டுக்கல் தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். 2 டிபியை கார்ட்ல இருந்து தூக்கிட்டேன் அண்ணாச்சி 🙏 நேத்து எக்ஸ்ஃபேட் ஃபார்மட் அடிச்சு காப்பி போட்டேன், ஏறிடுச்சு. சோதிச்சுப் பாக்கலாம்னு எங்க வீட்டு டிவில சொருகினா "இந்த டிவைஸை ஃபார்மட் செய்யவா"ன்னு கேக்குது, அம்மா ரிமோட்டை வச்சுக்கிட்டு "ஓகே குடுத்தா படம் வரும் போல"ன்னு அமுக்கப் போயிட்டாங்க, நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. புடுங்கிட்டேன். இப்ப என்ன பண்றது?

லினக்ஸ் பைத்தியம்:
😂 அம்மாகிட்ட இருந்து காப்பாத்தினீங்களே, அது பெரிசு. உங்க டிவிக்கு எக்ஸ்ஃபேட் தெரியல, அதான் வெறும் ட்ரைவ்னு நெனச்சு ரெக்கார்டிங்குக்கு ஃபார்மட் கேக்குது. என்டிஎஃப்எஸ் அடிச்சுப் பாருங்க. அதுவும் ஆகலன்னா வீடியோக்காரர்கிட்டயே 4 ஜிபிக்குள்ள மூணு பார்ட்டா வெட்டித் தரச் சொல்லுங்க, ஃபேட்32லயே போட்டுக் குடுத்துடலாம், பெரும்பாலான டிவில பிரச்சனை இருக்காது. குடுக்கறதுக்கு முன்னாடி பென்டிரைவ்ல இருந்தே வீடியோவை ஓட விட்டு கடைசி வரைக்கும் தள்ளிப் பாருங்க, ஆரம்பம் மட்டும் பாத்துட்டு சரின்னு விட்டுடாதீங்க.

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி:
இன்னொண்ணு தம்பி, லேப்டாப்பைக் காலி பண்ணணும்னு சொன்னீங்களே, பென்டிரைவ்ல ஏத்திட்டு லேப்டாப்ல அழிக்கற வேலை மட்டும் வேண்டாம். நம்மாளுங்க கல்யாண பென்டிரைவை நகையோட சேத்து பீரோல பூட்டிருவாங்க, அஞ்சாறு வருஷம் கழிச்சு எடுத்தா கம்ப்யூட்டருக்கு ட்ரைவே தெரியாது. அந்த சிப்புக்குள்ள டேட்டாவா நிக்கறது மின்சாரச் சார்ஜ்தான், வருஷக் கணக்கா சும்மா கெடந்தா கொஞ்சங்கொஞ்சமா கசியும். ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி அதுல ஒரு காப்பி, அக்கா வீட்ல ஒரு காப்பி இருக்கட்டும். அப்புறம் எங்கள மாதிரி கடைக்குப் பிரிண்ட் எடுக்க அந்தப் பென்டிரைவைக் கொண்டு வராதீங்க, எங்க சிஸ்டத்துல ஒரு நாளைக்கு நூறு பேர் சொருகறாங்க. வைரஸ் ஏறிடும், திரும்பிப் போய்ப் பாத்தா ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருக்கும். அப்படி ஆனாலும் பதறி ஃபார்மட் அடிச்சுராதீங்க, ஃபைல் உள்ளதான் ஒளிஞ்சிருக்கும், ஷார்ட்கட்டை கிளிக் பண்ணாம ஆன்டிவைரஸ் ஓட விட்டு மீட்டுக்கலாம்.

திண்டுக்கல் தம்பி:
என்டிஎஃப்எஸ்ல ஓடிடுச்சு!! அக்கா வீட்டு டிவிலயும் ஓடுதாம், மாமியார் ஃபோன் பண்ணி, தாலி கட்டற சீன்ல அவங்க தம்பி மறைச்சுக்கிட்டு நிக்கறாராம், அதை மட்டும் மாத்தித் தர முடியுமான்னு கேக்கறாங்க. அதுக்கு ஏதாச்சும் சாஃப்ட்வேர் இருக்கா?