அம்மாவைக் கப்பலில் கூட்டிப் போகலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து: அம்மாவுக்கு பஸ்ஸிலேயே வாந்தி வரும். சொகுசுக் கப்பலில் எந்த அறை நல்லது?

ராயபுரம்: கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவே உள்ள அறையாகக் கேளுங்கள், சீசா பலகை மாதிரி இரண்டு முனைகளும்தான் அதிகம் ஏறி இறங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம், அம்மாவோடு அப்போது வேண்டவே வேண்டாம். டாக்டரைக் கேட்டு, வாந்தி மாத்திரையைக் கப்பல் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள், ஆரம்பித்த பிறகு கொடுத்தால் பலன் குறைவு.

திருவொற்றியூர்: பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வரச் சாயங்காலம்கூட ஆகலாம், அதனால் மாத்திரை, மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், தீ பயத்தால் வாங்கி வைத்துவிடுவார்கள்.

கேட்டவர்: சரிங்க அண்ணே. போன்?

ராயபுரம்: கரை மறைவதற்குள் ஃப்ளைட் மோடில் போடுங்கள். கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறிவிடும்.