1930களின் இசைத்தட்டுப் பட்டியல்கள் எந்த நூலகத்தில் உள்ளன?

கும்பகோணத்தில் பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய நாகசுர இசைத்தட்டு ஒன்றை வாசித்தவர் யாரென்று தெரியாமல் இரண்டு மாதங்களாகத் தவிக்கிறேன். நடுவில் ஒட்டிய தாளைக் கரையான் அரித்துவிட்டது. ‘தோடி’ என்ற ராகப் பெயரும், தாளைச் சுற்றியுள்ள வழுவழுப்பான வளையத்தில் பொறித்த எண்ணும் மட்டுமே மிஞ்சியுள்ளன. தோடி என்றதும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நினைவுக்கு வருவார் என்றாலும், ராகத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட மனம் ஒப்பவில்லை. சாம்பமூர்த்தியின் தென்னிந்திய இசை அகராதியையும், 1930இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி ஆய்விதழின் பழைய தொகுதிகளையும் புரட்டியும் அந்த எண்ணுக்கு விடை கிடைக்கவில்லை. அந்நாளில் கிராமபோன் கம்பெனிகள் அச்சிட்ட தமிழ்ப் பட்டியல்களில் எண்ணோடு கலைஞர் பெயரும் இருக்கும். அவற்றை நேரில் பார்க்க எந்த நூலகத்துக்குச் செல்ல வேண்டும்?