மார்பகத் திசுவில் எக்ஸ் கதிர்ச் சிதறல் எதைக் காட்டுகிறது?

கேள்வி:
மேமோகிராமில் (மார்பக எக்ஸ் கதிர்ப் படத்தில்) அடர்ந்த சுரப்பித் திசுவும் புற்றுக்கட்டியும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரிகின்றன. சிதறிய கதிர்களைக் கொண்டு அவற்றைப் பிரித்தறியலாம் என்கிறார்களே, அது எவ்வாறு இயலும்?

மறுமொழி 1:
மேமோகிராம் கதிர் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்பதையே பதிவு செய்கிறது; சிதறலோ, மூலக்கூறுகள் எவ்வளவு இடைவெளியில் அமைந்துள்ளன என்பதைக் கோணத்தின் வழியே காட்டுகிறது. கொழுப்பின் உச்சம் (சிதறல் மிகுந்து தெரியும் இடம்) ஏறத்தாழ 0.45 நானோமீட்டர் இடைவெளிக்கும், நீர் மிகுந்த திசுவின் உச்சம் சுமார் 0.31 நானோமீட்டருக்கும் உரியவை. கட்டி வளர்ந்த இடத்தில் முன்னது தாழ்ந்து பின்னது ஓங்கும்.

மறுமொழி 2:
சுரப்பித் திசுவிலும் நீரே மிகுதி என்பதால், அந்த உச்சத்தை மட்டும் நம்புவது போதாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு பாகைக்கும் குறைவான கோணங்களையும் பார்க்க வேண்டும்: கொலாஜன் என்னும் புரத இழைகளில் ஏறத்தாழ 65 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பிவரும் ஒழுங்கு, அங்கே அடுத்தடுத்த கூரிய வளையங்களாகப் பதிவாகும். புற்றணுக்கள் பரவும்போது நொதிகள் கொலாஜனைச் சிதைப்பதால், அவ்வளையங்கள் மங்கக்கூடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இதை நேரடியாக நோயாளியிடமே செய்ய முடியுமா?

மறுமொழி 2:
சிறுகோணச் சிதறலுக்குப் பொதுவாகப் பயன்படும் குறைந்த ஆற்றல் கதிர், தடித்த மார்பகத்தை ஊடுருவி வெளிவராது. ஆகவே பயாப்சியில் (சோதனைக்காகத் திசுவை எடுத்தல்) கிடைத்த மெல்லிய துணுக்குகளே இதற்கு ஏற்றவை. அவற்றையும் ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் இட்டால் சிதறல் வடிவம் மாறக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.