சொந்த வீட்டைப் பழுதுபார்த்தால் வரிக்கழிவு வேண்டுமா, வேண்டாமா?

ஒழுகும்தளம்:
வீடு கட்டக் கடன் வாங்கினால், பழைய வரிமுறையில் வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை வட்டியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். அதே வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் வாங்கினால் 30,000 மட்டும். அதுவும் அந்த 2 லட்சத்துக்கு உள்ளேயே அடக்கம். கட்டுமானக் கடனுக்கான வரம்பை 2014 பட்ஜெட்டில் ஒன்றரை லட்சத்திலிருந்து ஏற்றினார்கள். இந்த 30,000-ஐ யாரும் தொடவில்லை. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கே செஸ் என்ற மேல்வரியோடு சேர்த்து மிஞ்சுவது 9,360 ரூபாய். கைக்காசைப் போட்டுச் செய்தால் அதுவும் கிடையாது. புதிய வரிமுறைக்குப் போய்விட்டால் குடியிருக்கும் வீட்டுக்குச் சுத்தமாகப் பூஜ்யம். இதில் என்ன நியாயம்?

பேரேடு:
நியாயம்தான். குளியலறைக்குப் புது டைல்ஸ் உங்கள் வசதிக்கு. அதற்கு எதற்கு ஊர்ப்பணம்? மாடி எடுத்தால், அறை சேர்த்தால், விற்கும்போது அந்தச் செலவை வீட்டின் அடக்கவிலையோடு சேர்க்க விடுகிறார்கள். ஆதாய வரி அந்த அளவுக்குக் குறையும். போதாதா?

ஒழுகும்தளம்:
பெயின்ட் அடிப்பது, ஒழுகலை அடைப்பது எல்லாம் அதில் வராது சார், பழுது என்று தள்ளிவிடுவார்கள். வாடகைக்கு விட்டவரைப் பாருங்கள். வாடகையில் சொத்துவரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு. சுவரில் ஒரு ஆணி அடிக்காவிட்டாலும் கிடைக்கும், புதிய வரிமுறையிலும் உண்டு.

பேரேடு:
அவர் அந்த வாடகைக்கு வரி கட்டுகிறார். நீங்கள் உங்கள் வீட்டில் இருப்பதற்கு எந்த வருமானமும் காட்டுவதில்லை. வருமானமே இல்லாத இடத்தில் எதிலிருந்து கழிப்பது?

துண்டுச்சீட்டு:
இரண்டு பேரும் பில்லைப் பற்றிப் பேசவே இல்லையே. மேஸ்திரி கணக்கு எழுதித் தருவது சிமென்ட் கம்பெனி பேடின் பின்பக்கத்தில்: மணல், ஜல்லி, கூலி, கீழே ஒரு கோடு, மொத்தம். காண்ட்ராக்டரிடம் பில் கேட்டால் "18 சதவீதம் கூட ஆகும், பரவாயில்லையா?" என்பார். சுவீடனில் இதற்கே ஒரு சலுகை வைத்தார்கள், 'ரூட்' (ROT) என்று பெயர். வழக்கமான விகிதம் கூலியில் 30 சதவீதம், பொருளுக்குக் கிடையாது. வேலை செய்யும் நிறுவனமே பில்லில் கழித்துக்கொண்டு வரித்துறையிடம் வாங்கிக்கொள்ளும். பில் இல்லையென்றால் சலுகை இல்லை, அதனால் வீட்டுக்காரரே பில் கேட்டு நிற்பார்.

பேரேடு:
சுவீடனைச் சொன்னவர் இத்தாலியையும் சொல்லியிருக்கலாம். 2020-இல் எரிசக்திச் சிக்கனம், நிலநடுக்கப் பாதுகாப்பு என்று வீட்டு வேலைக்கு 110 சதவீத வரிச்சலுகை கொடுத்தார்கள். செலவைவிட அதிகமாக அரசே தருகிறது என்றால் எவன் பேரம் பேசுவான்? அந்தச் சலுகையை வங்கிக்கு விற்கவும் செய்யலாம். போலிக் கணக்குகள் குவிந்து, செலவு 10,000 கோடி யூரோவைத் தாண்டியது. அப்புறம் விகிதத்தைக் குறைத்து, விற்பதையும் நிறுத்தினார்கள்.

வாடகைவாசி:
கழிவு என்றாலே மேல்தட்டுக்குத்தான் லாபம். மேலே சொன்ன 30,000-க்கு 20 சதவீத வரிக்காரருக்கு மிஞ்சுவது 6,240. வரியே கட்டாதவருக்கு ஒன்றுமில்லை. கூரை சோலாருக்கு அப்படியா செய்தார்கள்? சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. வரி கட்டுகிறாயா என்று யாரும் கேட்பதில்லை. (எனக்குக் கூரையே சொந்தமில்லை, அது வேறு கதை.)

ஒழுகும்தளம்:
110 சதவீதம் யார் கேட்டார்கள்? தளம், ஒயரிங், தண்ணீர்க் குழாய், இவ்வளவுதான். கூலிக்கு மட்டும், ஒரு உச்சவரம்போடு. மானியமாகக் கொடுத்தாலும் சரி.

பேரேடு:
அப்படியென்றால் பேசலாம். ஆனால் மாடுலர் கிச்சனை ஒயரிங் என்று பில் போட்டால் யார் வந்து பார்ப்பது?

துண்டுச்சீட்டு:
பார்க்க ஆள் வேண்டாம். பில் போட்டவர் அந்தத் தொகையை வருமானமாகக் காட்டியாக வேண்டுமே. பொய்யாக ஏற்றினால் அவருக்கும் அல்லவா வரி ஏறும்.

பேரேடு:
வரி 10 ரூபாய், சலுகை 30 என்றால் ஏற்றத்தான் செய்வார்கள்.