பத்மினி முன்கண்ணாடி: குரோம் பீடிங் மூலையில் மட்டும் எழும்புகிறது, வழி சொல்லுங்கள்

திருநகர்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. வண்டி 1978 பிரீமியர் பத்மினி. மாமா வைத்திருந்தது, ஏழு வருடம் மேலூர் பக்கம் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்து, மூன்று வாரம் முன்பு முன்கண்ணாடியும் மாட்டியாச்சு. கண்ணாடி பழசு, ரப்பர் புதுசு. அந்த ரப்பரின் வெளிப்பள்ளத்தில் குரோம் பீடிங்கை, அதாவது கண்ணாடியைச் சுற்றி அழகுக்கு வருகிற பளபள உலோகப் பட்டையை, ஏற்றத்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக மல்லுக்கட்டுகிறேன்.

நேராகப் போகிற இடத்தில் நன்றாக உட்காருகிறது. மூலைக்கு வந்ததும், இங்கே அமுக்கினால் ஒரு சாண் தள்ளி அங்கே எழும்புகிறது. டிரைவர் பக்க மேல்மூலையில் விரல் நகம் நுழைகிற அளவு சந்து. ஸ்க்ரூடிரைவரால் நெம்பப் போய் ரப்பர் உதடு அரை அங்குலம் கிழிந்தது. 1089 சிசி இன்ஜினைப் பிரித்து மாட்டியபோதுகூட இவ்வளவு வியர்க்கவில்லை. மாட்டிக்கொடுத்த கடையில் கேட்டால், "பீடிங் இல்லாம ஓட்டுங்க சார், யாரு பாக்கப் போறா" என்கிறார்கள். ஆவணியில் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று வீட்டில் வாய்விட்டுவிட்டேன்.

ஆரப்பாளையம் அம்பாசடர்:
இதுக்குப் போய் இவ்வளவு கவலையா? பள்ளத்தில் சிலிக்கான் விட்டு, பீடிங்கை அமுக்கி, மேலே டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. என் வண்டியில் போன மாதம் அப்படித்தான் செய்தேன், கல்லாட்டம் நிற்குது.

சிம்மக்கல் டிங்கர்:
தம்பி, சிலிக்கான் பக்கமே போகாதீங்க. காடி வாசனை அடிக்கிற ரகம் பெயின்ட் இல்லாத தகரத்தில் பட்டால் அரிக்கும். அது போக, அடுத்த தடவை கண்ணாடியைக் கழற்ற வேண்டி வந்தால் உடைத்துத்தான் எடுக்கணும்.

உங்கள் கையில் தப்பில்லை, வரிசையில்தான் தப்பு. ரப்பரை பாடி விளிம்பில் ஏற்றியதும் நாலு பக்கமும் பாடி அதை நெருக்கும். வெளிப்பள்ளத்தின் வாய் மூடிக்கொள்ளும், மூலையில் இன்னும் இறுக்கமாக. பீடிங்கின் கால் நுழைய அங்கே இடமே இருக்காது. முதலில் கண்ணாடியில் ரப்பர், அப்புறம் ரப்பரில் பீடிங், கடைசியாக மூன்றும் ஒரே உருப்படியாக வண்டிக்கு.

கழற்றுவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்க. ரப்பர் மூலை வளைவோடு வார்த்ததா, மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டி ஒட்டினதா? விளிம்புத் தகரத்தில் பட்டி, அதான் பெயின்ட்டுக்கு முன்னால் மேடுபள்ளம் நிரவப் பூசுகிற பசை, ஏறியிருக்கா?

திருநகர்காரன்:
அண்ணே, ரப்பர் வார்த்ததுதான். ஆனால் நீங்கள் கேட்ட பிறகு உள்பக்க உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல்மூலை இரண்டிலும் பட்டியும் பெயின்ட்டும் சேர்ந்து விளிம்பு தடித்துக் கிடக்கிறது. தகரம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. எழும்புகிற இடமும் அதேதான்!

சிம்மக்கல் டிங்கர்:
அப்போ ரெண்டு வியாதி. கண்ணாடியை இறக்குங்க. விளிம்பில் இருக்கிற பட்டியைத் தகரம் வரைக்கும் சுரண்டி, பிரைமரும் மெல்லிசாக ஒரு கோட் பெயின்ட்டும் போதும். கீழ்மூலைகளையும் பாருங்க, தண்ணி தேங்கித் துரு அங்கேதான் பிடிக்கும்.

ரப்பரை ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு வாழைத்தண்டாட்டம் துவண்டுவிடும். ஜமுக்காளத்தை மடித்து மேசையில் விரித்து, அதன்மேல் கண்ணாடியைக் கிடத்தி ரப்பரைப் போடுங்க. பள்ளத்தில் சோப்புத் தண்ணி மட்டும்தான். கிரீஸ், இன்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். பீடிங்கை மூலையில் இருந்து ஆரம்பிங்க. மூலை சரியாக உட்கார்ந்தால் நேர்ப்பகுதி தானாக வரும், நீங்க செய்தது தலைகீழ். உதட்டைத் தூக்க மூங்கில் சிம்பை நாக்கு மாதிரி சீவிக்குங்க. பீடிங்கை மடக்கிவிடாதீங்க, ஒரு தடவை மடிந்தால் அந்தத் தழும்பு சாகிற வரைக்கும் போகாது.

அப்புறம் கயிறு. 5 எம்எம் நைலான் கயிறு. பாடி விளிம்பில் உட்காரும் பள்ளத்தில் சுற்றிலும் வைத்து, இரண்டு நுனியும் கீழ் நடுவில் ஒரு அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்பக்கம் தொங்கணும். வெளியே ஒருத்தர் உள்ளங்கையால் அமுக்க, உள்ளே ஒருத்தர் கயிற்றைக் கண்ணாடி நடுவைப் பார்த்து மெதுவாக இழுக்கணும். உதடு தானாக விளிம்பைத் தாண்டி வரும். கண்ணாடி டஃபண்டு, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்தின ரகம் என்றால், கண்ணாடியின் விளிம்பில் இரும்பு பட்டுவிடாமல் பார்த்துக்குங்க. நடுவில் அடி தாங்கும், ஓரத்தில் சின்னத் தட்டுக்கே மொத்தமும் கற்கண்டாகக் கொட்டும்.

ஆரப்பாளையம் அம்பாசடர்:
ஒரு பீடிங்குக்கு இத்தனை சடங்கா அண்ணே?

திருநகர்காரன்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். உட்கார்ந்துவிட்டது! பட்டியைச் சுரண்டவே ஒரு முழுநாள். கிழிந்த ரப்பரை மாற்றிவிட்டேன். பீடிங் மேசையில் ஏற அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மச்சான் வெளியே, நான் உள்ளே. முதல் இழுப்பில் கயிறு கீழ் நடுவைத் தாண்டும்போது ரப்பர் 'டப்' என்று விளிம்பில் விழுந்த சத்தம் இருக்கிறதே, அம்மா அடுப்படியில் இருந்து ஓடிவந்து உடைந்துவிட்டதா என்றாள்.

ஹோஸ் வைத்து கால்மணி நேரம் தண்ணீர் அடித்தோம். இடது கீழ்மூலையில் மட்டும் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. உதட்டுக்கு அடியில் இறுகிப்போகாத கறுப்பு சீலன்ட் கொஞ்சம் விட்டேன், நின்றது. பீடிங் இரண்டு பாதியும் சேருகிற கிளிப்பில் ஒரு மயிரிழை சந்து இன்னும் இருக்கு. அதை நான் காட்டினால்தான் தெரியும், நான் காட்டப் போவதில்லை.

ஆரப்பாளையம் அம்பாசடர்:
தம்பி, அந்த நைலான் கயிறு எத்தனை மீட்டர் வாங்கினீங்க? நேற்று கப்பலூர் தாண்டும்போது என் மேல்பீடிங் பறந்து பானெட்டில் விழுந்தது.

திருநகர்காரன்:
5 மீட்டர். மிச்சக் கயிறு என்கிட்டேயே இருக்கு அண்ணே, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாங்க. அதுவரைக்கும் அந்தச் சிலிக்கானைச் சுரண்டி வைங்க.