மறுமொழி: நின்றுபோன நாடகம் திரும்பி வந்தால் அதற்கு என்ன பெயர்?

தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவினருக்கு வணக்கம். நின்றுபோன தொலைக்காட்சி நாடகம் திரும்பி வருவதை ஆங்கிலத்தில் ‘ரிவைவல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ் என்ன என்ற பேச்சில் ஈப்போ ஐயா எழுதியது:

> ‘ரிவைவல்’ என்பதற்குப் ‘புத்துயிர்ப்பு’ என்று போட்டு முடித்துவிடலாமே. எதற்கு இத்தனை மடல்?

ஈப்போ ஐயா மன்னிக்கணும், முடியாது. புத்துயிர்ப்பு என்றால் செத்தது எழுந்தது என்று மட்டும்தான் தெரிகிறது. எழுந்து வந்தது அதே ஆளா, பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட வேறு ஆளா? நமக்கு வேண்டியதே அந்த வேறுபாடுதான். ‘மறுபிறவி’ இன்னும் மோசம். மறுபிறவியில் உடம்பு மாறும், பழசு மறந்துபோகும். இங்கே அதே நடிகர் கொஞ்சம் சதை போட்டு வந்து நிற்கிறார். பழைய சண்டை ஒன்றுவிடாமல் நினைவிலும் இருக்கிறது.

பினாங்கில், எங்கள் பிறை ஊர் வீட்டில் ஓடியதை வைத்தே சொல்கிறேன்.

2020இல் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது சன் டிவி ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டது. 2002 முதல் 2005 வரை ஓடிய நாடகம். அம்மாவுக்குக் கதை மனப்பாடம். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார் வந்து உட்கார்ந்தாலே போதும், அம்மா முந்தானையைத் தேட ஆரம்பித்துவிடுவார். அழ வேண்டிய காட்சி வர இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்! காட்சிக்கு முன்னாலேயே கண்ணீர் வந்தால் அது மறு ஒளிபரப்பு. அதற்குச் சொல் இருக்கிறது, வம்பில்லை.

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ வேறு கதை. 2018இல் தொடங்கியதில் ஸ்டாலின் முத்து தம்பிகளைக் கட்டிக் காத்த மூத்த அண்ணன். 2023 அக்டோபரில் வந்த இரண்டாவதில் அவரே பிள்ளைகளை மிரட்டும் அப்பா. பெயர்ப் பலகை பழசு, குடும்பம் புதுசு. ‘சித்தி 2’உம் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ராதிகா இருந்தார், பெயர் இருந்தது, கதை வேறு. 2021இல் ராதிகா விலகிய பிறகும் நாடகம் ஓடியதுதான் வேடிக்கை. சித்தியே இல்லாத ‘சித்தி’யை எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

‘எதிர்நீச்சல்’ இந்த இரண்டிலும் சேராது. 2024 ஜூனில் முடித்தார்கள். டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று அதே வீட்டை, அதே ஆதி குணசேகரனை, அதே மருமகள்களைக் கொண்டுவந்தார் இயக்குநர் திருச்செல்வம். மருமகள் ஜனனியாக நடிப்பவர் மட்டும் மாறியிருந்தார். (குணசேகரன் முதல் சுற்றிலேயே மாறியாயிற்று. 2023 செப்டம்பரில் மாரிமுத்து மறைந்தபின் வேல ராமமூர்த்தி வந்தார். என்னைக் கேட்டால், மாரிமுத்து அதட்டும்போது கூடவே ஒரு சிரிப்பும் வரும். இப்போது அதட்டல் மட்டும்தான் வருகிறது.) அடி வேர் அதேதான், மேலே வளர்வதுதான் புதிது. இதற்கு என்ன பெயர்?

என் பரிந்துரை: மறுதாம்பு.

நெல்லிக்குப்பம் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். இடுப்பளவு நின்ற கரும்பைக் காட்டி “எப்போ நட்டீங்க?” என்று கேட்டதற்கு, “இது நட்டது இல்ல மாமா, மறுதாம்பு” என்றான் பையன். வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்து தானாகத் துளிர்த்து வரும் அடுத்த பயிர். நடுவதற்குப் புதிதாகக் கரணை (கரும்புத் துண்டு) வாங்க வேண்டாம், செலவு மிச்சம். தொலைக்காட்சிக்காரர்கள் கணக்கும் இதுதானே? பாத்திரங்களை அறிமுகம் செய்யும் முதல் ஐம்பது நாள் செலவு இல்லை. துளிர்க்காத இடத்தில் மட்டும் வேறு கன்று வைத்து நிரப்புவார்களாம். புது ஜனனி!

இன்னொன்றும் சொன்னான். அறுத்த உடனே கட்டையைத் தரையோடு தரையாகச் சீவிவிட வேண்டும். அப்போதுதான் மண்ணுக்குள்ளிருந்து முளை வரும். சீவாமல் விட்டால் மேல்கணுவிலிருந்து நோஞ்சான் தூர் கிளம்பி, காற்றடித்தால் சாய்ந்துவிடும். பழைய புகழின் மேலேயே முளைக்கப் பார்க்கும் நாடகங்களை நினைத்துக்கொண்டேன். அமெரிக்க நகைச்சுவை நாடகம் ‘ஃப்ரேசியர்’ 1993 முதல் 2004 வரை 11 பருவம் (சீசன்) ஓடியது. 2023இல் திரும்பி வந்தது தம்பி நைல்ஸ் இல்லாமல். இரண்டே பருவம். பிரிட்டன் நாடகம் ‘டாக்டர் ஹூ’ 1989இல் நின்று 2005இல் வந்தது, இன்றும் பேசுகிறார்கள். அடியோடு சீவிவிட்டுத் தொடங்கினார்கள், ஆனால் வேரைப் பிடுங்கவில்லை.

வேரையும் பிடுங்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால் ‘மறுநடவு’. ‘ரீபூட்’டுக்கு இதை வைத்துக்கொள்ளலாம். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ அந்த வரிசை.

கரும்பு நமக்கு அந்நியம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ரப்பர் வருவதற்கு முன் இங்கே பினாங்கில் பத்து காவானிலும் நிபோங் திபாலிலும் நம் ஆட்கள் வெட்டியது கரும்புதான். பினாங்கு இரண்டாவது பாலத்தில் போகும்போது இப்போது தெரிவதெல்லாம் தொழிற்சாலைக் கூரைகள்.

பிறையிலிருந்து

---

அண்ணே, விளக்கம் அருமை, சொல்தான் தொண்டையில் நிற்கிறது. என் மகளிடம் ‘மறுதாம்பு’ என்றேன். “மறுவீட்டுக்குக் கொண்டுபோற தாம்பாளமாம்மா?” என்கிறாள். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைதான் லா! வயலைப் பார்க்காதவர்களுக்கு ஒவ்வொரு முறையும் நெல்லிக்குப்பம் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ‘மறுதளிர்’ என்று வைப்போம். கேட்டவுடன் புரியும்.

செந்தூல் அக்கா

---

அக்கா, தாம்பாளத்தைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தோம்.

மறுதளிர் அழகுதான். ஆனால் தளிர் கிளையிலும் வரும், நுனியிலும் வரும். வெட்டுப்பட்டு, அடியிலிருந்து மறுபடி கிளம்பியது என்பது அதில் இல்லை. அதைவிட, துணைக் கதாபாத்திரம் தனியாக நாடகம் போடப் போய்விட்டால் (ஃப்ரேசியரே முதலில் அப்படிப் போனவர்தான்) தளிர் என்ற சொல் அதற்கும் பொருந்திவிடும், குழப்பம். அதற்கு வாழையின் ‘பக்கக்கன்று’ என்று ஒன்று வைத்திருக்கிறேன், அடுத்த மடலில் சண்டை போடுவோம்.

செய்தித்தாளில் எழுதுகிறவர்கள் மறுதளிர் என்று எழுதட்டும், தடுக்க மாட்டேன். நம் சொற்பட்டியலில் மறுதாம்பு முதலில், மறுதளிர் அடுத்து. சம்மதமா?

அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன். “கட்டக் கரும்பா? ரெண்டு தடவ விடலாம், மூணாவது தடவ விட்டா எட காணாது,” என்றார். அவர் கரும்பு வெட்டியதில்லை, தாத்தா சொல்லக் கேட்டதாம். சொல்லிவிட்டு ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டார், குணசேகரன் கத்த ஆரம்பித்துவிட்டார்.